தோட்டத்துக்கு இன்டர்நெட் வந்தாச்சு... எர்த் வந்துச்சா?

ஒயர்லெஸ் கம்பம் நடுபவர்கள் கவனிக்க வேண்டிய பாதுகாப்பு முறைகள்!

கிணற்று மோட்டாரைப் பார்த்துக்கொள்ள ஒரு கேமரா, ஆட்டுப் பட்டிக்கு ஒரு கேமரா, சொட்டுநீர் வால்வுகளைப் போனிலேயே திறந்து மூட ஒரு கருவி என்று, இன்டர்நெட் கேட்கும் வேலைகள் தோட்டத்தில் பெருகிவிட்டன. வீட்டில் பிராட்பேண்ட் இருக்கும். தோட்டமோ அரை கிலோமீட்டர் தள்ளி இருக்கும். செல்போன் சிக்னலும் அங்கே சரியாகக் கிடைக்காது. இந்த இடத்தில் கைகொடுப்பதுதான் ஒயர்லெஸ் ரேடியோ. வீட்டு மாடியில் ஒன்று, மோட்டார் ரூமுக்குப் பக்கத்தில் ஒன்று என இரண்டு ரேடியோக்களை நேருக்கு நேர் பார்க்கும்படி வைத்துவிட்டால், இடையில் கேபிள் இல்லாமலேயே இணைப்பு தோட்டத்துக்குப் போய்விடும்.

இதை மாட்டுவதற்கு அரை நாள் போதும். 20 அடி ஜி.ஐ பைப், நான்கு கிளாம்ப், கொஞ்சம் கேபிள், அவ்வளவுதான் வேலை. படம் வந்ததும் மாட்டியவர் கிளம்பிவிடுவார். ஆனால், அந்தப் பைப்தான் இனி சுற்றுவட்டாரத்திலேயே உயரமான இரும்பு. அதன் உச்சியில் இருந்து இறங்கும் கேபிள் நேராக வீட்டுக்குள், டி.வி-யும் கம்ப்யூட்டரும் இருக்கும் அறைக்குள் வருகிறது. மோட்டார் ரூமில் அது ஸ்டார்ட்டருக்குப் பக்கத்தில் போகிறது. ஈரக் காலோடு நின்று நாம் சுவிட்ச் போடும் இடம் அது.

தமிழ்நாட்டில் கோடை மழையின்போதும், வடகிழக்குப் பருவமழை தொடங்கும் நேரத்திலும் இடி மின்னல் அதிகம். அதற்கு முன்பாக, கம்பம் வைத்திருப்பவர்களும் வைக்கப்போகிறவர்களும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயங்களை இங்கே பார்ப்போம்.

தலையில் விழாவிட்டாலும் தாக்கும்!

'நம்ம கம்பத்துல மின்னல் விழுந்தாதானே பிரச்னை' என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. சில நூறு மீட்டர் தள்ளி ஒரு பனைமரத்தில் மின்னல் விழுந்தாலும், நீளமான கேபிளில் அந்த நொடியில் அதிக மின்னழுத்தம் தோன்றும். ரேடியோ, ரவுட்டர், கேமரா ரெக்கார்டர் எல்லாம் சில வோல்ட்டில் ஓடும் நுட்பமான கருவிகள். அவற்றால் இதைத் தாங்க முடியாது. பெரும்பாலான கருவிகள் இப்படி அக்கம்பக்கத்து மின்னலால்தான் வீணாகின்றன. முறையான எர்த்தும் சர்ஜ் புரொடக்டரும் இருந்தால் இதைப் பெருமளவு தடுக்கலாம்.

கம்பத்தின் மேலேயே மின்னல் விழுந்தால் கதை வேறு. மின்னலில் பாயும் மின்னோட்டம் சாதாரணமாக 30,000 ஆம்பியர் அளவில் இருக்கும். அந்த நேரத்தில் ரேடியோ பிழைக்கும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. அப்போது எர்த் செய்யும் வேலை, மின்னலை வீட்டுக்குள் விடாமல் மண்ணுக்குள் இறக்குவது. ரேடியோ போனால் வேறு வாங்கிக்கொள்ளலாம். எர்த் போடுவது முதலில் வீட்டில் இருப்பவர்களுக்காக என்பதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இடம் பார்த்து நடுங்கள்

முதல் ஆபத்து மின்னல் அல்ல, மின்கம்பி. இரும்புப் பைப்பைத் தூக்கி நிறுத்தும்போது அது மேலே போகும் மின்கம்பியில் பட்டால், பிடித்திருக்கும் அத்தனை பேரின் உயிருக்கும் ஆபத்து. 11 கே.வி கம்பி என்றால் தொடக்கூட வேண்டாம், நெருங்கினாலே மின்சாரம் பாயும். கம்பத்தின் உயரத்தைப்போல் இரண்டு மடங்கு தூரமாவது மின்கம்பியில் இருந்து தள்ளி இருக்க வேண்டும். 20 அடி கம்பம் என்றால் 40 அடி. புயலில் சாய்ந்தாலும் கம்பி மேல் விழக் கூடாது. அந்த அளவு இடம் இல்லையென்றால் வேறு இடம் பாருங்கள். மின்வாரியக் கம்பத்தில் ரேடியோவையோ, கேபிளையோ கட்டவே கூடாது.

அடுத்து உயரம். இரண்டு ரேடியோக்களுக்கும் இடையே மரம், கட்டடம் மறைக்காமல் இருந்தால் போதும். தேவைக்கு மேல் ஒவ்வோர் அடி உயர்த்துவதும் மின்னலுக்கு வழிகாட்டுவதுதான். மாடியின் கைப்பிடிச் சுவருக்குக் கீழே, வெளிச்சுவரில் மாட்டினாலே தோட்டம் தெரிகிறது என்றால், அங்கேயே மாட்டிவிடுங்கள். அதைவிடப் பாதுகாப்பான இடம் இல்லை. கம்பம்தான் தீர்வு என்றால், ரேடியோவைப் பைப்பின் நுனியில் மாட்டாமல், அரை மீட்டராவது கீழே இறக்கி மாட்டுங்கள். பைப்பின் நுனி மேலே இருக்கட்டும்.

கம்பத்துக்கு மூன்று திசையிலும் சம இடைவெளியில் ஸ்டே கம்பி இழுத்துக் கட்டுவது அவசியம். மாடுகள் வந்து போகும் பாதையில் ஸ்டே கம்பி வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். காற்றில் கம்பம் ஆடினால் ரேடியோவின் பார்வை விலகி, இணைப்பும் அடிக்கடி அறுந்துபோகும்.

எர்த் குழி எப்படி இருக்க வேண்டும்?

எர்த்துக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ் 3043. அதன்படி ஜி.ஐ பைப் புதைப்பதாக இருந்தால், உள்விட்டம் 38 மி.மீ-க்குக் குறையக் கூடாது. நீளம் இரண்டரை மீட்டராவது, அதாவது எட்டேகால் அடியாவது இருக்க வேண்டும். தகடு என்றால் இரண்டடிக்கு இரண்டடி (60 செ.மீ × 60 செ.மீ). இரண்டடிக் கம்பியை மண்ணில் அடித்துவிட்டு 'எர்த் போட்டாச்சு' என்பது கணக்கில் வராது. கோடையில் மேல்மண் காய்ந்துவிடும். ஈரம் நிற்கும் ஆழத்துக்கு எர்த் போக வேண்டும்.

கரிசல் மண், களிமண் நிலங்களில் ஈரம் நிற்பதால் ஒரு பைப்பிலேயே நல்ல எர்த் கிடைக்கும். செம்மண் சரளை, பாறை நிலங்களில் ஒன்று போதாது. ஐந்து மீட்டர் இடைவெளியில் இரண்டு, மூன்று பைப் புதைத்து, ஒன்றோடொன்று இணைக்க வேண்டியிருக்கும். கரியும் உப்பும் மாற்றி மாற்றிப் போடும் பழைய முறை பல ஊர்களில் இன்னும் இருக்கிறது. உப்பு மழையில் கரைந்துபோகும். பைப்பையும் அரிக்கும். பக்கத்தில் இருக்கும் செடி, மரத்துக்கும் ஆகாது. ஈரத்தைப் பிடித்துவைக்கும் பென்டோனைட் களிமண் கலவை கடைகளில் கிடைக்கிறது. அதைப் பயன்படுத்தலாம்.

வேலை முடிந்ததும் எர்த் டெஸ்டர் கருவியால் அளந்து பார்க்கச் சொல்லுங்கள். 10 ஓம்ஸுக்குள் இருக்க வேண்டும். 5 ஓம்ஸுக்குள் வந்தால் நல்லது. ஆண்டுக்கு ஒரு முறை, மண் காய்ந்திருக்கும் பங்குனி, சித்திரையில் அளந்தால்தான் உண்மையான நிலவரம் தெரியும்.

கம்பத்தின் அடியில் இருந்து எர்த் பைப்புக்கு 16 சதுர மி.மீ செம்புக் கம்பி அல்லது 25 × 3 மி.மீ ஜி.ஐ பட்டை போட வேண்டும். வீட்டு ஒயரிங்குக்குப் போடும் மெல்லிய ஒயர் இதற்கு உதவாது. மின்னலுக்கு வளைவு பிடிக்காது. முடிந்தவரை நேராக, குட்டையாக இறக்குங்கள். மீந்த கம்பியைச் சுருட்டி வைக்காதீர்கள். செம்பையும் ஜி.ஐ-யையும் நேரடியாகச் சேர்த்து முறுக்கினால், ஈரத்தில் அந்த இடம் அரித்துப்போகும். ஈயம் பூசிய லக் போட்டு, போல்ட் நட்டால் இறுக்குங்கள். பெயின்ட் இருந்தால் சுரண்டிவிட்டு இறுக்க வேண்டும்.

இரண்டு எர்த்தையும் இணைக்காவிட்டால்...

பலரும் கோட்டைவிடும் இடம் இதுதான். கம்பத்துக்குத் தனியாக ஓர் எர்த் குழி எடுப்பார்கள். வீட்டுக்கு ஏற்கெனவே ஓர் எர்த் இருக்கும். 'இரண்டும் தனித்தனியா இருக்கட்டும், அதான் பாதுகாப்பு' என்று விட்டுவிடுவார்கள். உண்மையில் அதுதான் ஆபத்து.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கம்பத்தின் எர்த் 5 ஓம்ஸ் என்று வைத்துக்கொள்வோம். மிக நல்ல எர்த்தான். அதில் 30,000 ஆம்பியர் மின்னல் இறங்கினால், அந்த நொடியில் கம்பத்தின் அடிப்பகுதி 30,000 × 5 = 1,50,000 வோல்ட்டுக்கு உயரும். வீட்டு எர்த் பழைய நிலையிலேயே இருக்கும். இந்த ஒன்றரை லட்சம் வோல்ட் வித்தியாசத்துக்கும் நடுவில் பாலமாக இருப்பது எது? கம்பத்தில் இருந்து வீட்டுக்குள் வரும் நெட்வொர்க் கேபிள். மின்னல் அந்த வழியாகத்தான் ரவுட்டருக்கு வரும். ரவுட்டரைத் தொட்டுக்கொண்டு யாராவது இருந்தால் அவருக்கும்.

கம்பத்தின் எர்த்தையும் வீட்டு மெயின் போர்டு எர்த்தையும் கனமான கம்பியால் இணைத்துவிட்டால், இரண்டும் சேர்ந்தே உயரும், சேர்ந்தே இறங்கும். இடையில் வித்தியாசம் பெருமளவு குறைந்துவிடும். அதனால் எர்த் குழி எத்தனை இருந்தாலும் ஒன்றோடொன்று இணைந்திருக்க வேண்டும். இணைப்புக்கும் அதே 16 சதுர மி.மீ செம்பு அல்லது ஜி.ஐ பட்டைதான். தோட்டத்துக் கம்பத்தின் எர்த்தையும் இதேபோல் மோட்டார் ரூம் எர்த்தோடு இணைக்க வேண்டும்.

வீட்டையும் தோட்டத்தையும் ஒயர்லெஸ் மூலம் இணைப்பதில் ஒரு நன்மை இருக்கிறது. இரண்டுக்கும் இடையில் செம்புக் கம்பி கிடையாது. ஒருபக்கம் வரும் மின்னல் மறுபக்கம் போக அந்த வழி இல்லை. அதே காரணத்துக்காக, ஒரு கட்டடத்தில் இருந்து இன்னொரு கட்டடத்துக்குச் செம்பு நெட்வொர்க் கேபிளை வெளியே இழுக்காதீர்கள். மோட்டார் ரூமில் இருந்து மாட்டுக்கொட்டகைக்கு இணைப்பு வேண்டுமென்றால் ஆப்டிக்கல் ஃபைபர் நல்லது. ஆனால், சிலவகை ஃபைபர் கேபிள்களில் தாங்குவதற்காக இரும்புக் கம்பி சேர்ந்தே வரும். உலோகம் இல்லாத ஃபைபராகக் கேட்டு வாங்குங்கள்.

கேபிளும் சர்ஜ் புரொடக்டரும்

ரேடியோவுக்கு மின்சாரமும் இன்டர்நெட்டும் ஒரே நெட்வொர்க் கேபிளில்தான் போகின்றன. மின்சாரத்தை ஏற்றிவிடும் சிறிய பெட்டிக்கு பி.ஓ.இ அடாப்டர் என்று பெயர். வீட்டுக்குள் போடும் சாம்பல்நிற கேபிளை வெளியே போட்டால் வெயிலில் வெடித்து, மழைநீர் உள்ளே இறங்கும். வெயில் தாங்கும் கறுப்பு உறையும், உள்ளே உலோக உறையும் (ஷீல்டு) உள்ள கேபிளாக வாங்குங்கள். அந்த ஷீல்டு வேலை செய்ய, முனையில் உலோக கனெக்டர் மாட்ட வேண்டும். பிளாஸ்டிக் கனெக்டர் மாட்டினால் ஷீல்டு இருந்தும் பயனில்லை. அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய மலிவு கேபிள்களைத் தவிர்த்து, முழுச் செம்பாகக் கேளுங்கள். ஒரு கேபிளின் நீளம் 100 மீட்டருக்கு மேல் போகக் கூடாது.

கேபிளுக்கான சர்ஜ் புரொடக்டர் இரண்டு தேவை. ஒன்று ரேடியோ பக்கத்தில், கம்பத்தோடு. இன்னொன்று, கேபிள் கட்டடத்துக்குள் நுழையும் இடத்தில். அதிக மின்னழுத்தம் வந்தால் அதை எர்த்துக்குத் திருப்பிவிடுவதுதான் இதன் வேலை. எர்த் கம்பி இணைக்காத சர்ஜ் புரொடக்டர் வெறும் டப்பாதான். அந்த எர்த் கம்பியும் அரை மீட்டருக்குள் இருக்கும்படி வையுங்கள். பி.ஓ.இ அடாப்டரின் மின்சார அளவுக்குப் பொருந்தும் புரொடக்டரா என்பதையும் கேட்டு வாங்குங்கள்.

கேபிள் சுவருக்குள் நுழையும் முன் கீழ்நோக்கி ஒரு வளைவு விட்டால், மழைநீர் அங்கேயே சொட்டிவிடும். அணிலும் எலியும் கடிக்காமல் இருக்க, கேபிளைக் குழாய்க்குள் விட்டுக் கொண்டுவாருங்கள்.

பிளக் பாயின்ட்டில் எர்த் இருக்கிறதா?

பி.ஓ.இ அடாப்டரின் மூன்றாவது பின் வழியாகத்தான் கேபிளின் ஷீல்டு எர்த்தோடு சேர்கிறது. அந்த பிளக் பாயின்ட்டிலேயே எர்த் இல்லையென்றால், செய்த வேலையில் பாதி வீண். பழைய வீடுகளிலும் மோட்டார் ரூம்களிலும் எர்த் துளை இருக்கும், பின்னால் ஒயர் இருக்காது.

இதைவிட மோசம், எர்த் துளைக்கு நியூட்ரலில் இருந்து ஒயர் கொடுத்து வைப்பது. எங்காவது நியூட்ரல் அறுந்தால், அந்த பாயின்ட்டில் மாட்டிய கருவிகளின் உலோக உடலில் எல்லாம் கரன்ட் வந்துவிடும். நம் ஒயர்லெஸ் கம்பத்துக்கும் அது போய்ச் சேரலாம். டெஸ்ட் லேம்ப் வைத்துப் பார்த்தால் மட்டும் இது தெரியாது. நியூட்ரல் இணைத்திருந்தாலும் விளக்கு நன்றாகவே எரியும். உரிமம் பெற்ற மின்பணியாளரை வைத்து போர்டைத் திறந்து பார்க்க வேண்டும். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி மாட்டுவதும் உயிர் காக்கும்.

இடி இடிக்கும்போது...

மின்னல் வெளிச்சத்துக்கும் இடிச் சத்தத்துக்கும் இடையில் எண்ணுங்கள். 3 விநாடிக்கு 1 கிலோமீட்டர் என்பது கணக்கு. 30 விநாடிக்குள் சத்தம் கேட்டால் மின்னல் 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. உடனே கான்கிரீட் கட்டடத்துக்குள் போய்விடுங்கள். கடைசி இடி கேட்டு 30 நிமிடங்கள் கழித்துத்தான் வெளியே வர வேண்டும். மரத்தடி, கம்பம், கம்பி வேலி, கிணற்று மேடு எதுவும் அந்த நேரத்தில் வேண்டாம். இணைப்பு அறுந்துவிட்டதே என்று கம்பத்தில் ஏறுவதும், ஸ்டார்ட்டரைத் தொடுவதும் கூடவே கூடாது.

புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் உருவாக்கிய 'தாமினி' செயலி, நாம் இருக்கும் பகுதிக்கு அருகில் மின்னல் வாய்ப்பு இருந்தால் எச்சரிக்கும். அதைப் போனில் வைத்துக்கொள்ளலாம். எச்சரிக்கை வந்ததும், இடி தொடங்கும் முன்பே பி.ஓ.இ அடாப்டரின் பிளக்கைப் பிடுங்குங்கள். அதிலிருந்து ரவுட்டருக்குப் போகும் கேபிளையும் பிடுங்கிவிட வேண்டும். இடி தொடங்கிய பிறகு எதையும் தொடாதீர்கள்.

மின்னல் தாக்கியவரைத் தொட்டால் கரன்ட் அடிக்காது. 108-ஐ அழைத்துவிட்டு, மூச்சு இல்லையென்றால் உடனே நெஞ்சை அழுத்தும் முதலுதவியைத் தொடங்கலாம். மின்கம்பியில், மோட்டாரில் அடிபட்டவர் என்றால், மின்சாரத்தைத் துண்டித்த பிறகுதான் தொட வேண்டும்.

வேலைக்கு ஆள் விடும் முன் கேளுங்கள்

* கம்பம் சாய்ந்தால் மின்கம்பியில் படுமா?
* எர்த் பைப்பின் நீளம், விட்டம் எவ்வளவு?
* கம்பத்து எர்த்தையும் வீட்டு எர்த்தையும் எதால் இணைப்பீர்கள்?
* கேபிள் ஷீல்டு உள்ளதா, உலோக கனெக்டரா, முழுச் செம்பா?
* இரண்டு முனையிலும் சர்ஜ் புரொடக்டர் உண்டா?
* பிளக் பாயின்ட்டின் எர்த்தைச் சோதித்தீர்களா?
* எர்த் டெஸ்டரில் அளந்து, அளவை எழுதித் தருவீர்களா?

இந்தக் கேள்விகளுக்கு நேரடியாகப் பதில் சொல்பவரிடம் வேலையைக் கொடுங்கள்.

வாசகர் கேள்விகள்

'எங்கள் தோப்பில் தென்னைதான் உயரம். கம்பம் நடாமல் தென்னை உச்சியிலேயே ரேடியோவைக் கட்டிவிடலாமா?'

வேண்டாம். தென்னை காற்றில் ஆடும். இணைப்பு நிலையாக இருக்காது. மட்டை மறைத்தாலும் சிக்னல் போய்விடும். உயரமான மரம் என்பதால் மின்னல் ஆபத்தும் உண்டு. ஆணி அடித்து, கிளாம்ப் போட்டுக் காயப்படுத்தினால், அந்தக் காயத்தில் சிவப்புக் கூன்வண்டு முட்டையிடும். ரேடியோவுக்காக மரத்தையே இழக்க நேரிடும்.

'எர்த் போட்டால் மின்னலை நாமே இழுத்ததுபோல் ஆகாதா?'

மின்னல் எங்கே விழும் என்பதில் உயரத்துக்குத்தான் பெரிய பங்கு. எர்த் இல்லாத இரும்புக் கம்பத்திலும் மின்னல் விழும். எர்த் இருந்தால் மண்ணுக்குள் போகும். இல்லையென்றால் கேபிள், சுவர், ஒயரிங் என்று கிடைத்த வழியில் பாயும்.

'காட்டுப்பன்றிக்காக சோலார் வேலி போட்டிருக்கிறோம். அதற்கு எர்த் குழி இருக்கிறது. கம்பத்தையும் அதிலேயே சேர்த்துவிடலாமா?'

கூடாது. எல்லா எர்த்தையும் இணைக்க வேண்டும் என்று சொன்னதற்கு இது ஒன்றுதான் விலக்கு. வேலிக் கருவி ஒவ்வொரு துடிப்பிலும் தன் எர்த் வழியாக மின்சாரத்தை அனுப்புகிறது. அதை வீட்டு எர்த்தோடோ, நெட்வொர்க் எர்த்தோடோ இணைத்தால் அந்தத் துடிப்பு கருவிகளுக்குள் வரும். வேலி எர்த்துக்கும் மற்ற எர்த்துகளுக்கும் குறைந்தது 10 மீட்டர் இடைவெளி வேண்டும். நெட்வொர்க் கேபிளை வேலிக் கல்லில் கட்டுவதையும் தவிருங்கள்.

'போர்வெல் கேசிங் பைப் 20 அடி மண்ணுக்குள் போகிறது. அதையே எர்த்தாக வைத்துக்கொள்ளலாமா?'

அதை மட்டும் நம்பக் கூடாது. இப்போது பல போர்வெல்களில் கேசிங் பி.வி.சி-தான், மின்சாரத்தைக் கடத்தாது. இரும்பாக இருந்தாலும், தண்ணீர் பிடிக்கவும் குளிக்கவும் ஆட்கள் தொடும் இடம் அது. தனியாக எர்த் குழி எடுங்கள். இரும்புக் கேசிங் அருகில் இருந்தால், அதையும் மோட்டார் எர்த்தோடு சேர்த்து அந்தக் குழியில் இணைத்துவிடுங்கள்.

'தோட்டத்துக் கம்பத்தில் சிறிய சோலார் பேனல், பேட்டரியில்தான் ரேடியோவும் கேமராவும் ஓடுகின்றன. கரன்ட் இணைப்பே இல்லை. இதற்கும் எர்த் தேவையா?'

தேவை. கம்பத்தைத் தொடும் ஆளுக்கும் மாட்டுக்கும் அந்த எர்த் வேண்டும். கம்பம், பேனலின் சட்டம், பேட்டரிப் பெட்டி, ரேடியோ எல்லாவற்றையும் அடியில் உள்ள ஒரே எர்த் பைப்பில் இணைத்தால் போதும். நீளமான கேபிள் இல்லாததால், கருவிகளுக்கு ஆபத்து குறைவான அமைப்பு இது. ஆனாலும், இடி நேரத்தில் மாட்டை அந்தக் கம்பத்தில் கட்டாதீர்கள்.